ராஜாவுக்கு ஒரு வீடு

ஜொகூர் பாருவில் பொழுது நான்கு மணிக்கே விடிந்துவிடும். ஊர் இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் தாமான்களிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, நெடுஞ்சாலையில் சேர்ந்து, சுங்கச்சாவடிக்கு முன்னால் ஓர் ஆறு மாதிரி திரண்டு நிற்கும். 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம்தான். அதைக் கடக்கச் சில நாள் இரண்டு மணி நேரம்கூட ஆகும். சிங்கப்பூரில் வேலை முடிந்து, அதே வரிசையில் நின்று திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

காலை நிகழ்ச்சி செய்யும் வானொலிக்காரி என்பதால் அந்த நேரத்து ஜொகூரை எனக்கு நன்றாகவே தெரியும். நிலையத்துக்குப் போகும் வழியில் தினமும் பார்ப்பேன். ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்களின் வீடுகள் பகல் முழுவதும் எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை. எங்கள் நாய்க்கு வேறு வீடு தேட ஆரம்பித்தபோதுதான் அதை யோசிக்க வேண்டி வந்தது.

நாயின் பெயர் ராஜா. எட்டு வயது. செம்மண் நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. எந்த இனம் என்று கேட்டால் “நம்ம ஊர் நாய்” என்பதே பதில். அப்பா ஒரு நாள் காலைச் சந்தைக்கு மீன் வாங்கப் போய், மீன் இல்லாமல் ஓர் அட்டைப் பெட்டியோடு திரும்பினார். பெட்டிக்குள் ராஜா இருந்தான். அன்றிலிருந்து மாசாயில் எங்கள் தரைவீட்டின் வாசற்படி அவனுடையது. சென்ற ஆண்டு அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை. எனக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல். அம்மாவைத் தனியே விட முடியாது. வாடகை வீட்டையும் காலி செய்தாக வேண்டும். கோலாலம்பூரில் எங்களுக்குக் கிடைத்த அடுக்குமாடியிலோ நாய் வளர்க்க அனுமதி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அடுக்குமாடியில் நாய் வளர்க்கவே கூடாது என்று நாட்டில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளின் மூன்றாவது அட்டவணையில் 14-ஆவது துணைவிதி இதைப் பேசுகிறது. மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணியை வைத்திருக்கக் கூடாது. மாநில, ஊராட்சி விதிகளை மீறியும் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். இதற்கு மேல் கூடுதல் விதிகளை அந்தந்தக் கட்டடத்தார் கூட்டம் போட்டு நிறைவேற்றிக்கொள்ளலாம். ஆகவே வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்தக் கட்டடத்தின் சொந்த விதிகளைக் கேட்டு வாங்கிப் படிப்பதுதான் வழி. நாங்கள் ஐந்து கட்டடங்களின் விதிகளைப் படித்தோம். அம்மாவின் சிகிச்சைக்கு மருத்துவமனை பக்கத்தில் வேண்டும், மின்தூக்கி வேண்டும், வாடகையும் கட்டுப்படியாக வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய எந்த இடத்திலும் ராஜாவுக்கு இடமில்லை.

தரைவீடுகளில் ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். மாசாய் பக்கம் பாசிர் கூடாங் மாநகர் மன்றம். ஸ்கூடாய் பக்கம் இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம். குளுவாங்கில் நகராண்மைக் கழகம். உரிமக் கட்டணம் எவ்வளவு, எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்பதெல்லாம் மன்றத்துக்கு மன்றம் மாறும். உரிம வில்லை கழுத்தில் இல்லாமல் தெருவில் திரியும் நாயை மன்றத்தார் பிடித்துச் செல்லலாம். எனவே நாய் கை மாறினால் உரிமமும் பெயர் மாற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

“எங்காவது செம்பனைக் காட்டுப் பக்கம் விட்டுட்டு வந்துருங்க, பொழச்சுக்கும்” என்று நல்ல மனதோடு சொன்னவர்களும் உண்டு. மனிதர் கையால் எட்டு வருடம் சோறு தின்ற நாய் காட்டில் பிழைக்காது. 2015 விலங்குநலச் சட்டம், தன் பொறுப்பில் உள்ள பிராணிக்கு உணவும் இடமும் சிகிச்சையும் கிடைக்கப் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் கடமை என்கிறது. பிராணியைக் கொடுமை செய்தவருக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அம்மாவுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. அவருக்கு அப்பா சொன்ன ஒரு சம்பவம் போதும். ஜொகூரில் பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும், பிறகு தாமான்களாகவும் மாறிய காலம் பலருக்கு நினைவிருக்கும். இன்று கடைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த மவுண்ட் ஆஸ்டின்கூட ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். அப்பா பிறந்த தோட்டத்திலும் லயம் காலியானது. லாரியில் சட்டி பானை ஏறியது, சாமி படம் ஏறியது, பிள்ளைகள் ஏறினார்கள். போகும் இடம் அடுக்குமாடி என்பதால் நாய்கள் ஏறவில்லை. லாரிக்குப் பின்னால் தோட்டத்துச் சாலையின் முனைவரை அவை ஓடி வந்ததை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்த மாதிரி இவன் ஓடக்கூடாது. நாமதான் கொண்டுபோய் விடணும். யார் வீடுன்னு எனக்குத் தெரியணும்” என்றார் அம்மா.

தெற்கே போக முடியாத நாய்

முதலில் சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகள் “நான் வச்சுக்கிறேன்” என்றாள். அவளும் விதியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஒரே ஒரு நாய். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். 2012-இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டத்தில் கலப்பின நாய்களுக்கும் வழி உண்டு. ஆனால் அது அங்குள்ள விலங்குநல அமைப்புகள் மீட்டு வளர்த்த நாய்களுக்கானது. இதற்கு மேல் மலேசியாவிலிருந்து நாயைக் கொண்டுபோக வெறிநாய்க்கடித் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, இறக்குமதி உரிமம், தனிமைப்படுத்தல் என்று பல படிகள்.

வேடிக்கை என்னவென்றால், நாய்கள் எதிர்த்திசையில் வந்த கதையும் ஜொகூரில் உண்டு. சிங்கப்பூரின் விலங்கு ஆர்வலர்கள் ‘நோவாஸ் ஆர்க்’ என்ற பெயரில் ஒரு பெரிய புகலிடத்தை ஜொகூரில்தான் அமைத்தார்கள். சுமார் 10 ஏக்கர் நிலத்தில், கூண்டில் அடைக்காமல், நூற்றுக்கணக்கான நாய்களும் பூனைகளும். அந்த நாட்டில் இடம் கிடைக்காதவற்றுக்கு நம் மாநிலத்தில் மண் கிடைத்தது. மனிதர்கள் பிழைப்புக்குத் தெற்கே போகிறார்கள். நாய்கள் வாழ்வதற்கு வடக்கே வந்தன.

“அப்படி ஒரு இடத்துல சேர்த்துடலாமே” என்றாள் சித்தி மகள். நானும் யோசித்தேன். ஆனால் புகலிடம் என்பது கேட்க ஆளில்லாத நாய்களுக்கு. ராஜாவுக்குக் கேட்க இரண்டு பேர் இருக்கிறோம். அடிபட்டோ பசியிலோ கிடக்கும் ஒரு நாயின் இடத்தை எங்கள் நாய் எடுத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. தேடும் வேலையை நாங்களே செய்வது என்று முடிவானது.

பதினொரு அழைப்புகள்

கோயில் அறிவிப்புப் பலகை, கால்நடை மருத்துவரின் கடை, நண்பர்களின் வாட்ஸ்அப் என மூன்று வழிகளில் செய்தி போட்டோம். ராஜாவின் வயதையும் குணத்தையும் மறைக்கவில்லை: இடி இடித்தால் நடுங்குவான், பூனை பிடிக்காது, குழந்தைகள் என்றால் உயிர். “இலவசம்” என்ற சொல்லைப் போடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இலவசம் என்றதும் எதற்கு என்று யோசிக்காமலே கேட்பவர்கள் வருவார்களாம்.

பதினொரு பேர் கூப்பிட்டார்கள். குரலைக் கேட்டு ஆளை அறிவது என் தொழில். இரண்டு நாளில் ஒன்று பிடிபட்டது. “நல்லாக் குரைக்குமா?” என்று முதலில் கேட்பவருக்கு வேண்டியது அலாரம். “ராத்திரி எங்கே படுப்பான்?” என்று கேட்பவருக்கு வேண்டியது நாய். நான் எல்லாரிடமும் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: “பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க?”

முதல் சனிக்கிழமை ஸ்கூடாய். இளம் தம்பதி, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், முன்னால் சிமென்ட் முற்றம். பிள்ளைகள் அன்று காலையே பாசாரில் ராஜாவுக்குத் தட்டு வாங்கி வைத்திருந்தார்கள். “ரேடியோ அக்கா, எங்க ரூம்லயே படுக்கட்டும்” என்றாள் சின்னவள். கணவன், மனைவி இருவருக்கும் துவாஸில் வேலை. இரண்டாவது பாலம் வழியாகப் போக ஐந்து மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத் திரும்புகிறார்கள். பிள்ளைகள் பள்ளி முடிந்து டியூஷன், பிறகு பாட்டி வீடு. கணக்குப் போட்டால் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் பூட்டிய கதவுக்கு வெளியே ராஜா தனியாக. அப்பா போன பிறகு இரண்டு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நாய் அவன்.

நான் தயங்கியதை அந்தத் தம்பியே புரிந்துகொண்டார். “நீங்க சொல்றது சரிதான்கா. நாங்க பிள்ளைங்களையே ஞாயித்துக்கிழமைதான் முழுசாப் பார்க்கிறோம்.” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் காரில் ஏறிய பிறகும் அந்த வாக்கியம் இறங்கவில்லை. அன்பு குறைவாக இருந்த வீடு இல்லை அது. நேரம்தான் இல்லை.

அடுத்த வாரம் கூலாய். ஐந்து ஏக்கர் டுரியான் தோட்டம், ஓடை, நிழல். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உரிமையாளர் மரியாதையான மனிதர். இளநீர் வெட்டிக் கொடுத்தார். தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, உரச் சாமான் கொட்டகையருகே கொண்டுவந்து நிறுத்தினார். தூணில் ஒரு சங்கிலி. “பழ சீசன்ல திருட்டு ஜாஸ்தி. இங்கதான் கட்டுவேன். நான் சாயங்காலம் வந்து சோறு போட்டுட்டுப் போயிடுவேன்.” சங்கிலியின் நீளம் ஆறடி இருக்கும். ஐந்து ஏக்கரில் ராஜாவுக்குக் கிடைக்கப்போவது அந்த ஆறடிதான். அம்மா இளநீரை முழுதாகக் குடித்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றோம் தம்பி” என்றார். காரில் ஏறியதும், “யோசிக்க ஒண்ணுமில்ல” என்றார்.

குளுவாங் போகும் வழி

மூன்றாவது அழைப்பு குளுவாங்கிலிருந்து வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை, வயது 67. மலாயில் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி: “அவனுக்கு எந்த மொழி புரியும்?”

நெடுஞ்சாலையை விட்டு, கூலாயிலிருந்து லாயாங் லாயாங், ரெங்கம் வழியாகப் பழைய சாலையில் போனோம். இரண்டு பக்கமும் செம்பனை. அங்கங்கே பழைய தோட்டத்துக் கோயிலின் கோபுரம் மட்டும் மரங்களுக்கு மேல் தெரியும். சுற்றி லயம் இருக்காது. ராஜா சன்னல் கண்ணாடி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தான். அம்மா வழி நெடுக, இந்தத் தோட்டத்தில் யார் பெண் எடுத்தார்கள், அந்தத் தோட்டத்தில் யார் மண்டோர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

‘குளுவாங்’ என்றால் மலாயில் பழந்தின்னி வௌவால். ஊருக்குப் பின்னால் லம்பாக் மலை. இரயில் நிலையத்தில் 1938 முதல் நடக்கும் காப்பிக் கடை இந்த ஊருக்கு ஓர் அடையாளம். கரியில் வாட்டிய ரொட்டிக்கும் காப்பிக்கும் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போய்க் குடித்தோம். மற்றவர் நிழலில் ராஜாவோடு நின்றோம்.

ஆசிரியையின் வீடு சாதாரண ஒற்றைமாடித் தரைவீடு. முற்றம் என்று பார்த்தால் ஒரு கார் நிற்கும் அளவு, ஓரத்தில் பூச்சட்டிகள். கணவர் இறந்து மூன்று வருடம், பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் வளர்த்த நாயும் போன வருடம் முதுமையில் இறந்துவிட்டது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, மற்ற நேரமெல்லாம் வீட்டில். வேலியில் இடுப்பளவுக்குப் பலகை அடித்திருந்தார். பக்கத்து வீடு மலாய்க் குடும்பம்; நாயின் மூக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதற்காக. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவும் மாசாயில் அதையேதான் செய்திருந்தார். நாங்கள் வீடு காலி செய்வது தெரிந்து, ராஜாவை எங்கே விடப்போகிறோம் என்று முதலில் விசாரித்ததும் பக்கத்து வீட்டு மக்சிக்தான்.

ஆசிரியை ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துவந்தார். ராஜாவுக்குத் தெரிந்த சொற்களைச் சொல்லச் சொன்னார். அம்மா சொல்லச் சொல்ல ரூமி எழுத்தில் எழுதிக்கொண்டார்: வா. உக்காரு. சோறு. போதும். உள்ள போ. பயப்படாத. கடைசிச் சொல் எதற்கு என்று கேட்டார். “இடி இடிச்சா அவங்க அப்பா சொல்றது” என்றார் அம்மா. அவர் அதை மட்டும் மூன்று முறை சொல்லிப் பழகினார். மூன்றாவது முறை ராஜா தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

ஒரு சங்கடமான கேள்வி மீதியிருந்தது. அம்மாவே கேட்டார். “சிக்கு, உங்களுக்கும் வயசாகுது. உங்களுக்கு முடியாமப் போனா?” ஆசிரியை கோபப்படவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் தம்பி மகனைக் கூப்பிட்டார். ஒரு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதினோம்: பகலில் சங்கிலி இல்லை; உரிமம் ஆசிரியை பெயரில்; வேறு யாருக்கும் கொடுப்பதில்லை; முடியாமல் போனால் முதல் தொலைபேசி எனக்கு, அதுவரை தம்பி மகன் பொறுப்பு. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

நீங்களும் தேடுகிறீர்களா?

வேலை மாற்றம், நோய், முதுமை, மரணம் என்று எந்தக் குடும்பத்துக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். எங்களுக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

வீடு மாறும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். அவசரம் வந்தால் முதலில் கேட்டவருக்கே கொடுத்துவிடுவோம். தடுப்பூசியை முடித்து, கருத்தடை செய்து, மைக்ரோசிப் பொருத்தி, அட்டைகளைக் கையோடு கொடுங்கள். நம் ஊரில் கொசுவால் பரவும் இதயப்புழு நோய் உண்டு. அதற்கான இரத்தப் பரிசோதனையும் மாதாந்தர மருந்தும் அவசியம். புது வீட்டை நேரில் பாருங்கள், நாயோடு போய்ப் பாருங்கள். முதலில் ஒரு வாரம் சோதனையாக விட்டுப் பாருங்கள். துவைக்காத பழைய படுக்கைத் துணி, பழகிய தட்டு, பத்து நாளுக்குப் பழைய உணவு ஆகியவை கூடப் போகட்டும்.

முற்றத்தை அளக்குமுன் மணி நேரத்தை அளங்கள். தோட்டம் வைத்திருப்பவர் நல்ல எசமானராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் நாள் முழுக்க ஆளில்லாத வீட்டில் நாய்க்கு எந்த முற்றமும் போதாது.

இரண்டு மாதம் கழித்து

ராஜா முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு, ஆசிரியை புத்தகத்தைப் பார்த்து “சோறு” என்றதும் எழுந்து வந்தானாம். இரண்டாவது வாரம் குளுவாங்கில் பெரிய மழை, இடி. மறுநாள் காலை ஆசிரியை அம்மாவுக்குத் தொலைபேசி செய்து, “பயப்படாத வேலை செய்கிறது” என்று மலாயில் சொன்னார். அந்த ஒரு சொல் மட்டும் தமிழில்.

இரண்டு மாதம் கழித்துப் போனோம். கேட்டருகே எங்கள் கார் நின்றதுமே ராஜா அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டான். அம்மாவின் கை, முகம், சேலை என்று ஓர் இடம் விடாமல் நக்கினான். அம்மா அவன் காதைத் தடவிக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான்: திரும்பும்போது இவனும் காருக்குப் பின்னால் ஓடி வந்தால்?

சற்று நேரத்தில் ஆசிரியை தேநீர் போட உள்ளே எழுந்து போனார். ராஜா காதை நிமிர்த்தினான். அம்மாவை ஒரு முறை பார்த்தான். பிறகு எழுந்து, ஆசிரியைக்குப் பின்னால் அடுக்களைக்குப் போய்விட்டான்.

அம்மா காலியான படியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, வீடு கிடைச்சிருச்சு” என்றார். திரும்பும் வழியில் இரயில் நிலையக் கடையில் நிறுத்தச் சொல்லி, இரண்டு பொட்டலம் காப்பித்தூள் வாங்கினார். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று மாசாயில் மக்சிக்குக்கு. ராஜா நன்றாக இருக்கிறான் என்று அவரிடமும் நேரில் சொல்ல வேண்டும் என்றார்.